மீசைக்கு வந்த தவக்காலம்

ஆபத்தில் இருப்பது அருட்செல்வத்தின் உடம்பு என்று டொக்டர் நினைத்தார். அருட்செல்வமோ ஆபத்து தன் மீசைக்குத்தான் என்று நினைத்தார். கதை முழுவதும் இந்த இரண்டு நினைப்புக்கும் நடுவில்தான் ஓடுகிறது, ஆகையால் மீசையில் இருந்தே தொடங்கிவிடுவோம்.

அது சாதாரண மீசை இல்லை. மன்னார்ப் பேசாலையில் இருந்து புறப்பட்ட நாளில் எப்படி இருந்ததோ அப்படியே ஒஸ்லோவிலும் இருந்தது. தினமும் விடிய எழும்பி, விரலில் தேங்காயெண்ணெய் தொட்டு இரண்டு நுனியையும் மேல்நோக்கி நீவிவிட்டுத்தான் களஞ்சியத்தில் பாரந்தூக்கி வண்டி ஓட்டப் போவார். அவரோடு வேலை செய்யும் நோர்வேக்காரர்களுக்கு அவருடைய பெயர் வாயில் நுழையாது. மீசையைச் சொன்னால் எல்லோருக்கும் ஆளைத் தெரியும்.

அந்த மீசையை அவர் ஒரு நாள் பணயம் வைத்தார். யாரும் கேட்கவுமில்லை, வற்புறுத்தவுமில்லை. மனைவி யோசெப்பினின் தம்பி பத்திநாதனுக்கு ஐம்பதாவது பிறந்தநாள். பத்திநாதன் மெல்லப் பேசுகிற, யாருக்கும் தொந்தரவு கொடுக்காத மனிதன். அவனுக்கு அப்போதுதான் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, என்று கண்டுபிடித்திருந்தார்கள். ஒஸ்லோவின் குரோருட்டில் பங்குக் கோயில் மண்டபம், நிறையச் சனம், கையில் மைக். மைக்கைக் கண்டால் அருட்செல்வத்துக்கு வாய் நிற்காது.

"நாக்கை அடக்கத் தெரியாத ஆளுக்குத்தான் சீனி வரும்," என்றார் எல்லோருக்கும் கேட்க. "எங்கட பரம்பரையில ஒருத்தருக்கும் இல்லை. எனக்குச் சீனி வந்தால் இந்த மீசையை இதே மைக்குக்கு முன்னால வைச்சு எடுப்பன்."

சனம் கைதட்டியது. பத்திநாதனும் தன்னுடைய கேக்கைத் தான் தின்னாமல் நின்று கைதட்டினான். அதோடு விட்டாரா என்றால் இல்லை. அதன் பிறகு எந்தக் கொண்டாட்டத்திலும் பலகாரத் தட்டு பத்திநாதனுக்குக் கிட்டப் போனவுடன் மண்டபத்தின் மறு மூலையில் இருந்து அருட்செல்வத்தின் குரல் வரும்: "அவருக்குக் குடுக்காதேங்கோ, அவர் சீனிக்காரர்." முதல் வருடம் எல்லோரும் சிரித்தார்கள். போகப்போக அருட்செல்வம் மட்டும் சிரித்தார்.

இந்த வருடம் பெப்ரவரியில், கால் விறைக்கிறது, தாகம் அடங்கவில்லை என்று போனவருக்கு டொக்டர் இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு இரண்டாம் வகை நீரிழிவு என்றார். மெஷின் பழுதாக இருக்கலாம் என்று அருட்செல்வம் யோசனை சொன்னார். டொக்டர் பொறுமையான பெண்மணி. இன்னொரு முறையும் எடுத்தார். மெஷின் தான் சொன்னதில் உறுதியாக நின்றது.

அடுத்த அறையில் தாதி ஒரு சின்னக் கருவியும் விரலில் குத்துகிற ஊசியும் தந்தாள். சாப்பிட முதல் பார், சாப்பிட்டு இரண்டு மணித்தியாலம் கழித்துப் பார், பத்துக்குக் கீழே, ஊர்க் கணக்கில் நூற்றெண்பதுக்குக் கீழே, நின்றால் நல்லது, மாவும் அரிசியும் கிழங்கும் பாணும் வயிற்றுக்குள் போனால் சீனிதான், எது எவ்வளவு ஏற்றுகிறது என்று நீயே படித்துக்கொள், ஆளுக்கு ஆள் மாறும் என்றாள். அருட்செல்வம் தலையாட்டினார். காதில் ஒன்றும் ஏறவில்லை. பத்திக்குத் தெரியக்கூடாது, பத்திக்குத் தெரியக்கூடாது என்பது மட்டும் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது.

வீட்டில் யோசெப்பின் கொஞ்சம் அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துவிட்டுச் சீனிப் பேணியைத் தூக்கி அலுமாரிக்கு மேலே வைத்தாள்.

"தம்பியிட்டைக் கேப்பம். அவனுக்கு இதெல்லாம் தண்ணிபட்ட பாடு."

"அவனுக்குத் தெரிஞ்சால் நான் செத்தன்."

"தெரியாட்டித்தான் சாவியள். உங்களுக்காண்டி நான் என்ர தம்பிக்குப் பொய் சொல்லமாட்டன்."

"பொய் சொல்ல வேண்டாம். பேசாமல் இரும், அது காணும்."

அவள் சரி என்றாள். பேசாமல் இருப்பது அவளுக்கு எவ்வளவு கஷ்டம் என்பது கட்டிய புருசனுக்குத் தெரியாதா என்ன. இருந்தும் மீசை முக்கியமாகப் பட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமையே சோதனை வந்தது. ஈஸ்டருக்கு முந்திய நாற்பது நாள் நோன்புதான் தவக்காலம், பேச்சில் தவசு; அது தொடங்க முந்திய ஞாயிறு நோர்வேயில் கிரீம் வைத்த பன், அதாவது பணிஸ், தின்கிற நாள். தமிழ்ப் பூசை முடிந்து பங்கு மண்டபத்தில் தேத்தண்ணி. மறைக்கல்வி ஆசிரியை மேரியம்மா தட்டு நிறையப் பணிஸோடு வந்தாள். வழக்கமாக அருட்செல்வத்துக்கு மூன்று போகும். மீசையில் கிரீம் ஒட்ட அவர் தின்பதைச் சிறுவர்கள் சுற்றி நின்று பார்ப்பார்கள்.

"எனக்கு வேண்டாம்," என்றார் அருட்செல்வம்.

கதைத்துக்கொண்டிருந்தவர்கள் கதையை நிறுத்திவிட்டுத் திரும்பினார்கள். பத்திநாதன் கவலையோடு கிட்ட வந்தான்.

"என்ன அத்தான், உடம்புக்கு ஏதும்?"

அருட்செல்வம் பேந்தப் பேந்த முழித்தார். சுவரில் தவக்கால அறிவித்தல் தொங்கியது. வாய் தானாகத் திறந்தது.

"தவசு. இந்தமுறை தவசுக்கு இனிப்பை விடுறன்."

"தவசு புதன்கிழமைதானே தொடங்குது?"

"நான் முந்தியே தொடங்கிட்டன்."

"ஞாயிற்றுக்கிழமை ஒறுத்தல் இல்லையே," என்றாள் மேரியம்மா. இப்படியான சட்டமெல்லாம் அவளுக்கு நுனிநாக்கில்.

"எனக்கு ஞாயிறும் தவசுதான்."

மேரியம்மா தட்டைக் கீழே வைத்துவிட்டு நெற்றியில் சிலுவை அடையாளம் போட்டாள். யோசெப்பின் தேத்தண்ணிக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள். அருட்செல்வத்துக்கோ சந்தோசம் தாங்கவில்லை. தவசு முடிகிற உயிர்ப்பு ஞாயிறு வரைக்கும் அருமையான ஒளிவிடம் கிடைத்துவிட்டது. உயிர்ப்பு ஞாயிறுக்குப் பிறகு என்ன செய்வது என்று அவர் யோசிக்கவில்லை. அவ்வளவு தூரத்துக்கு யோசிக்கிற பழக்கம் அவருக்கு இல்லை.

சீனி என்றால் இனிப்பில் இருப்பது, இனிப்பை விட்டால் சீனி போய்விடும். இதுதான் அருட்செல்வத்தின் வைத்தியம். அதனால் தேத்தண்ணியை வெறுமையாகக் குடித்தார். ஆனால் காலையில் சிவப்பரிசிப் புட்டு ஒரு மலை, மத்தியானம் பேக்கரியில் வாங்கிய மண் நிறத் தவிட்டுப் பாண், இரவு இடியப்பம், இடையில் பசித்தால் அவித்த மரவள்ளி. எல்லாம் உறைப்பும் உப்பும்தானே. இரண்டு மணித்தியாலம் கழித்து விரலைக் குத்தினால் பதினான்கு, பதினைந்து என்று காட்டியது. மெஷினுக்குத் தமிழ்ச் சாப்பாடு விளங்கவில்லை என்று முடிவுகட்டினார். யோசெப்பினின் விரலைப் பிடித்துக் குத்திப் பார்த்தார். அவளும் அதே புட்டைத்தான் தின்றிருந்தாள். அவளுக்கு ஆறு. அதற்கும் கோபம் அவருக்குத்தான் வந்தது.

மாம்பழம் தின்ற நாள்தான் உச்சம். ஒஸ்லோவின் குறொன்லாண்டுக் கடைத்தெருவில் வாங்கிய நல்ல பழம். பழம் ஆண்டவர் படைத்தது, சீனி மனிசன் செய்தது என்று ஒரு நியாயம் சொல்லிக்கொண்டு ஒரு துண்டு மட்டும் எடுத்தார். பிறகு கொட்டையைச் சூப்பினார். கையைக் கடதாசியில் துடைத்துவிட்டு, நேரம் வந்ததும் ஊசியை எடுத்தார். அருட்செல்வம் இடக்கைக்காரர். எழுதுவது, ஊசி பிடிப்பது எல்லாம் இடக்கையால். சாப்பிடுவது மட்டும் தாயின் அகப்பைக்குப் பயந்து பழகிய வலக்கையால். ஆகவே குத்து விழுவது எப்போதும் சாப்பிட்ட கையில்தான்.

மெஷின் இருபத்தேழு என்றது.

அவர் கதிரையில் சாய்ந்தார்.

"யோசெப்பின், ஃபாதரைக் கூப்பிடும். சாக முந்தி அவஸ்தைப் பூசுதல் தரட்டும்."

யோசெப்பின் ஃபாதரை விட்டுவிட்டுத் தாதிக்குப் போன் அடித்தாள். தாதி கேட்ட முதல் கேள்வி, கையைக் கழுவினாரா என்பது. சவர்க்காரம் போட்டுக் கழுவித் துடைத்து மறுபடி குத்தினால் பன்னிரண்டு. விரலில் ஒட்டியிருந்த மாம்பழச் சாற்றைத்தான் மெஷின் இரத்தத்தோடு சேர்த்து அளந்திருக்கிறது என்றாள் தாதி. சாகப்போனவர் எழும்பி உட்கார்ந்தார்.

அப்படியே புத்தி தெளிந்திருந்தால் நல்லது. அருட்செல்வத்துக்கு வேறொன்று பளிச்சென்று தோன்றியது. அதாவது, இதுவரை ஏறியதெல்லாம் சாப்பாட்டால் இல்லை, கையால். கையால் தின்றதுதான் பிழை. பாவம் புட்டு, அதன் மேல் வீண்பழி. அடுத்த நாளில் இருந்து அவர் புட்டைக் கரண்டியாலும் முள்ளுக்கரண்டியாலும் தின்னத் தொடங்கினார். இடியப்பத்தைக் கத்தியால் வெட்டினார். மரவள்ளியை முள்ளில் குத்தி, சின்ன விரலை நீட்டிக்கொண்டு வாயில் வைத்தார். யோசெப்பின் எதிரில் கையால் குழைத்துத் தின்றபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ராசா வீட்டு விருந்தோ?" என்றாள்.

"பொறும். இண்டைக்கு இறங்கும்."

கழுவிய விரலில் குத்தினார். பதினைந்து. மறுநாளும் பதினைந்து. தின்றது கையா கரண்டியா என்பதில் மெஷினுக்கு அக்கறையே இல்லை. அன்று அருட்செல்வம் கரண்டியைக் கழுவி வைத்தார். மாவும் அரிசியும் கிழங்கும் பாணும் வயிற்றுக்குள் போனால் சீனிதான் என்று தாதி முதல் நாளே சொன்னது அப்போதுதான் காதில் விழுந்தது. அவருக்குப் பயமும் வந்தது. இந்த முறை மீசைக்காக இல்லை.

பிறகு ஒழுங்காகப் பார்க்கத் தொடங்கினார். புட்டு ஏற்றியது. குரக்கன், அதாவது கேழ்வரகுப் புட்டு நல்லது என்று யாரோ சொன்னார்கள், அதை அவிக்கிற ஓலை நீத்துப்பெட்டியால் மூன்று பெட்டி தின்றார், அதுவும் ஏற்றியது. வாழைப்பழம் ஏற்றியது. மீனும் முட்டையும் கோவா என்கிற முட்டைக்கோஸ் வறையும் முருங்கையிலையும் மெஷினை அசைக்கவே இல்லை. ஒரு சின்னக் கை சோறு, அதைவிட இரண்டு பங்கு வறையும் மீன்குழம்பும் என்று தின்று பார்த்தால் ஒன்பதில் நின்றது. தின்றுவிட்டு வெஸ்ட்லி ஸ்டேசன் வரைக்கும் பனியில் நடந்துவிட்டு வந்தால் இன்னும் இறங்கியது. இது அவருக்குப் பெரிய அதிசயமாக இருந்தது.

ஆனால் ஊர் வாய்க்கு ஏதாவது சொல்ல வேண்டுமே. ஒவ்வொரு சாப்பாட்டையும் மெஷின் தள்ளிவைக்க, அருட்செல்வம் மண்டபத்தில் புதிதாக ஓர் ஒறுத்தலை அறிவிக்க வேண்டி வந்தது. இனிப்பை விட்டவர் அடுத்த கிழமை புட்டை விட்டார். பிறகு பாணை விட்டார். பிறகு கிழங்கு. மெஷினில் எண் ஏற ஏற, பங்கில் அவருடைய புனிதமும் ஏறியது. ஃபாதர் பிரசங்கத்தில், பெயர் சொல்லாமல், ஆனால் மீசையைப் பார்த்துக்கொண்டு, நம்மிடையே ஒருவர் இருக்கிறார் என்றார். மன்னார்ப் பக்கம் ஒரு புனிதர் வரவேண்டிய காலம்தான் என்று மேரியம்மா சொல்லித் திரிந்தாள். அருட்செல்வம் தலையைக் குனிந்துகொள்வார். அதைத் தாழ்ச்சி என்று எடுத்துக்கொண்டார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை முடிந்து வழக்கம்போல் கஞ்சி ஊற்றினார்கள். தவக்காலத்தில் கஞ்சிதான் ஏழைச் சாப்பாடு, அதைக் குடிப்பதே ஒறுத்தல். அருட்செல்வம் கோப்பைக்குள் பார்த்தார். அத்தனையும் அரிசி. கோப்பையைத் தள்ளி வைத்தார்.

"கஞ்சியையும் விட்டிட்டார்," என்று யாரோ மெல்லச் சொன்னது மண்டபம் முழுக்கப் பரவியது. பக்கத்தில் இருந்த பத்திநாதன் அருட்செல்வத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். கண் கலங்கியிருந்தது. பிறகு அவனும் தன் கோப்பையைத் தள்ளி வைத்தான். அருட்செல்வம் அதைக் கண்டும் காணாதவர்போல் எழும்பிப் போய்விட்டார். அன்றில் இருந்து பத்திநாதன் அக்காவுக்குப் போன் அடித்து, அத்தான் இன்று என்ன சாப்பிட்டவர் என்று கேட்டு அதையே சமைத்துத் தின்றான். யோசெப்பின் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள்.

உயிர்ப்பு ஞாயிறு வந்தது. மண்டப வாசலில் உருகாத பனி கறுத்துக் கிடந்தது. உள்ளே நீள மேசையில் புரியாணி, உருளைக்கிழங்குப் பிரட்டல், றோல்ஸ், நடுவில் வெள்ளை ஐசிங் பூசி ஆட்டுக்குட்டி வைத்த கேக். அருட்செல்வம் அதைப் பார்த்து எச்சில் விழுங்கினார். ஒளிவிடம் இன்றோடு முடிகிறது என்பது அப்போதுதான் உறைத்தது. வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு நழுவலாமா என்று கதவைப் பார்த்தார்.

அதற்குள் பத்திநாதன் மைக்கை எடுத்துவிட்டான். அவன் மைக்கைத் தொட்டதை யாரும் முன்பு கண்டதில்லை.

"எனக்குச் சீனி வந்த நாளில இருந்து அத்தான் என்னைப் பகிடி பண்ணினவர். உங்கள் எல்லாருக்கும் தெரியும். நானும் சேர்ந்து சிரிச்சனான். வீட்டை போய்ச் சிரிக்கேல்லை. இந்தத் தவசில அத்தான் இனிப்பை விட்டார். பிறகு புட்டு, பாண், கிழங்கு. கடைசியில கஞ்சியையும் விட்டார். ஏனெண்டு ஒருத்தருக்கும் சொல்லேல்லை. எனக்கு விளங்கினது. டொக்டர் எனக்கு என்னத்தை விலக்கினவவோ அதையெல்லாம் பார்த்துப் பார்த்து எனக்காண்டி விட்டவர். சொல்ல வெக்கப்பட்டுப் பேசாமல் செய்தவர்."

அருட்செல்வம் மறுபடியும் கதவைப் பார்த்தார்.

"அதைப் பார்த்து நானும் விட்டனான். இத்தனை வருசமா இறங்காத சீனி இறங்கிட்டுது. டொக்டர் மருந்துக் குளிசையைக் குறைச்சிட்டா. எனக்கு அண்ணன் எண்டு ஒருத்தர் இல்லை. இப்ப இருக்கு."

மேரியம்மா விம்மினாள். பத்திநாதன் கேக்கில் நல்ல பெரிய துண்டாக வெட்டி, ஆட்டுக்குட்டியின் தலையோடு சேர்த்து எடுத்துக்கொண்டு வந்தான். ஒரு கையில் மைக், மறு கையில் கேக்.

"தவசு முடிஞ்சுது அத்தான். முதல் துண்டு உங்களுக்கு. நான் தீத்திவிடுறன்."

கேக் வாயருகே வந்தது. ஐசிங் மீசை நுனியில் ஒட்டியது. வாயைத் திறந்தால் போதும். ஒரு துண்டால் உயிர் போகாது, மெஷின் கொஞ்சம் கத்திவிட்டு அடங்கிவிடும், மீசை தப்பும். எல்லாம் அருட்செல்வத்துக்குத் தெரியும். எதிரில் பத்திநாதனின் முகம். வீட்டுக்குப் போய்ச் சிரிக்கவில்லை என்று சொன்ன முகம். இந்த மனிதனைப் போய் இத்தனை வருடம் வாட்டினேனே என்று அவருக்கு வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது. கேக் பிடித்த கையை எட்டிப் பிடித்தார்.

"பத்தி, நான் கள்ளன்."

மைக் கிட்டத்தில் இருந்ததால் அது மண்டபத்தின் நாலு மூலையிலும் கேட்டது.

"உனக்காண்டி ஒண்டும் செய்யேல்லை. எனக்குச் சீனி வந்திட்டுது. பெப்ரவரியிலயே. உனக்குத் தெரியக்கூடாதெண்டுதான் தவசு எண்டு சொன்னனான். புட்டை விட்டது ஏறினதால. கஞ்சியை விட்டதும் அதாலதான். நான் புனிதனும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. என்னை மன்னிச்சுக்கொள்."

பத்திநாதன் கேக்கைத் தட்டில் வைத்தான்.

"எவ்வளவு?" என்றான்.

"என்ன எவ்வளவு?"

"புட்டுக்கு எவ்வளவு காட்டினது?"

"பதினைஞ்சு."

"எனக்குப் பதினெட்டு," என்றான் பத்திநாதன். "நானும் முதலில மெஷின் பழுதெண்டு அக்காவின்ர விரலைக் குத்தினனான்."

பின்வரிசையில் யோசெப்பின் இரண்டு கையையும் விரித்துப் பார்த்துக்கொண்டாள். அவளுடைய விரல்கள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

"அப்ப மீசை?" என்று கேட்டாள் மேரியம்மா.

"மீசை கிடக்கட்டும்," என்றான் பத்திநாதன் அவசரமாக. "அது பகிடிக்குச் சொன்னது."

அவன் விட்டுக்கொடுத்ததுதான் அருட்செல்வத்தால் தாங்க முடியவில்லை. எடு என்று சொல்லியிருந்தால் ஏதாவது சாட்டுச் சொல்லித் தப்பியிருப்பார்.

"இல்லை. இந்த மைக்குக்கு முன்னாலதான் சொன்னனான். நீயே எடு."

உயிர்ப்பு ஞாயிறில் சவரக்கத்திக்கு எங்கே போவது. மறைக்கல்வி அலுமாரியில் இருந்து சிறுவர்கள் கடதாசி வெட்டுகிற முனை மழுங்கிய கத்தரிக்கோல் வந்தது. ஃபாதர் தன்னுடைய மின்சவரக் கருவியை எடுத்து வந்தார். அதை அவர் ஆசீர்வதித்துக் கொடுத்ததாக மேரியம்மா இன்றைக்கும் சொல்கிறாள், ஃபாதர் மறுக்கிறார். மண்டபத்தின் நடுவே கதிரை போட்டு, பங்கின் புனிதரை இருத்தி, கழுத்தில் உயிர்ப்பு விழாவின் மேசைத் துண்டைக் கட்டினார்கள். கத்தரிக்கோல் வெட்டுவதைவிட அதிகமாக இழுத்தது. ஒருவரும் மைக்கை நிறுத்த நினைக்கவில்லை, ஆகையால் சவரக் கருவியின் இரைச்சல் ஸ்பீக்கர் வழியே உறுமியது. கைக்குழந்தை ஒன்று அழத் தொடங்கியது. பத்திநாதனுக்குக் கண்ணீரோடு சிரிப்பும் வந்துவிட்டது, அதனால் இடப்பக்கம் கொஞ்சம் மிஞ்சி, அதற்குத் திரும்ப வர வேண்டியதாயிற்று.

முடிந்ததும் யோசெப்பின் முன்னுக்கு வந்து பார்த்தாள். கலியாணத்துக்கு முதலே இருந்த மீசை. அந்த மேலுதட்டை அவள் பிறந்ததற்கு இன்றுதான் காண்கிறாள். சுற்றி வந்து பக்கவாட்டிலும் பார்த்தாள்.

"இதைக் கலியாணத்துக்கு முதல் காட்டியிருந்தால் நான் கொஞ்சம் யோசிச்சிருப்பன்," என்றாள். பிறகு தம்பிக்கும் புருசனுக்கும் நடுவில் நின்று, பெப்ரவரியில் இருந்து அடக்கி வைத்த பேச்சையெல்லாம் பேசினாள். அதை எழுதினால் பக்கம் போதாது.

சாப்பாடு தொடங்கியது. மேரியம்மா வெட்டிய கேக்கைத் தட்டில் அடுக்கிக்கொண்டு வரிசையாகக் கொடுத்து வந்தாள். அருட்செல்வத்தின் முன்னால் தட்டு நின்றபோது, மண்டபத்தின் மறு மூலையில் இருந்து பத்திநாதனின் குரல் வந்தது. மெல்லப் பேசுகிறவன், அடித் தொண்டையில் இருந்து கத்தினான்.

"அவருக்குக் குடுக்காதேங்கோ, அவர் சீனிக்காரர்."

மண்டபம் அதிர்ந்தது. இந்த முறை எல்லோரும் சிரித்தார்கள், அருட்செல்வமும்தான். அந்த வசனத்தைக் கேட்க வேண்டியவருக்கு எப்படி இருக்கும் என்று இவ்வளவு காலமும் அவருக்குத் தெரியாமல் போயிருந்தது. சிரித்துக்கொண்டே எழும்பிப் போய், ஆட்டுக்குட்டியின் தலை இருந்த துண்டில் இருந்து ஒரு விரலளவு வெட்டி, அதையும் இரண்டாக்கி, பாதியைப் பத்திநாதனுக்குத் தீத்திவிட்டார். மற்றப் பாதியை அவன் அவருக்குத் தீத்திவிட்டான்.

"இப்ப இருக்கக்கூடாது அத்தான், நடக்க வேணும்," என்றான் பத்திநாதன். "வாங்கோ, ஸ்டேசன் மட்டும் போட்டு வருவம். வந்து கையைக் கழுவிப்போட்டுக் குத்திப் பாப்பம்."

இருவரும் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தார்கள். பனி உருகிய பாதையில் சல்லிக்கல் நறநறத்தது. நாலடி போவதற்குள் அருட்செல்வம் நின்று கையால் வாயைப் பொத்தினார்.

"என்ன?" என்று பயந்துபோய்க் கேட்டான் பத்திநாதன்.

"குளிருதடா," என்றார் அருட்செல்வம். இத்தனை வருட நோர்வேயில் அவருடைய மேலுதட்டுக்கு முதல் குளிர். பத்திநாதன் தன் கழுத்துத் துணியைக் கழற்றி அவர் மூக்கு வரைக்கும் சுற்றிவிட்டான்.